முதல் பெட்டி காலி

மாப்பிள்ளை இன்றைக்கும் வெள்ளைப் பலகைக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

பெரியவள் நாற்காலியை ஜன்னல் பக்கமாகக் கொஞ்சம் திருப்பிப் போட்டாள். அவரைப் பார்க்கவும் வேண்டாம், பார்க்கவில்லை என்று யாரும் குறை சொல்லவும் வேண்டாம் என்கிற அளவுக்கு ஒரு கோணம்.

அவர் தங்கையின் கணவர். போன வாரம் சாப்பாட்டு மேஜையில் அப்பா திடீரென்று தொண்டையைச் செருமிக்கொண்டு, இனிமேல் டெக்னிக்கல் விஷயமெல்லாம் மாப்பிள்ளை பார்த்துக்கொள்வார் என்று அறிவித்துவிட்டார். பதின்மூன்று வருஷமாக அதையெல்லாம் பார்த்துவந்தவள் பெரியவள். கையிலிருந்த டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போனவள், இன்றுவரை அதைப் பற்றி அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அவளுக்கு மிச்சம் விட்டுவைத்த வேலை ஒன்றுதான். யார் எந்த வரியை மாற்றினாலும் அவள் படித்து ஒப்புதல் கொடுத்த பிறகுதான் அது இயந்திரத்துக்குப் போகும். அதுவும் பாரமாக இருந்தால் சொல்லும்மா என்று அப்பா கனிவாகச் சொல்லியிருந்தார். அந்தக் கனிவுதான் அவளுக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

கீழ்த்தளத்தில் பட்டறையும் அலுவலகமும், மாடியில் வீடு. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த அப்பா சொந்தமாக வடிவமைத்த இயந்திரம் ஒன்றுதான் குடும்பத்துக்கே ஆதாரம். ஆஸ்பத்திரி வார்டில் ஒவ்வொரு நோயாளிக்கும் காலையில் தரவேண்டிய மாத்திரைகளைப் பிரித்து, படுக்கை எண் ஒட்டிய இருபத்துநான்கு குட்டிப் பெட்டிகளில் போட்டுவைக்கும் இயந்திரம். இரும்பு வேலை அப்பாவுடையது. அதை இயக்கும் கோட், அதாவது அதன் மூளை, பெரியவள் எழுதியது.

மாப்பிள்ளை பேனாவைத் திறந்தார். ஆங்கில எழுத்து 'ஐ' எழுதி அதன் பின்னால் இரண்டு கூட்டல் குறி போட்டார். கீழே இன்னொரு 'ஐ' எழுதி அதன் முன்னால் இரண்டு கூட்டல் குறி போட்டார். மேலே இருந்ததை ஒரு கோடு போட்டு அடித்தார். திங்கட்கிழமையும் இதையேதான் செய்தார்.

"பின்னால போட்டா கம்ப்யூட்டர் பழைய எண்ணை ஒரு பக்கம் எடுத்து வச்சுக்கிட்டு அப்புறம்தான் கூட்டும். முன்னால போட்டா நேரா கூட்டிரும். அதனால வேகம்," என்றார்.

சோதனைப் பிரிவுப் பெண் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். அப்பா, ஒரு எழுத்தும் புரியாமல், பெருமையோடு தலையை ஆட்டினார்.

பெரியவளுக்குச் சிரிப்புக்கூட வரவில்லை. லூப் என்பது என்ன? ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வது. எத்தனையாவது சுற்று என்று தெரிய 'எண்ணி' என்று ஒரு எண் இருக்கும். சுற்றுக்கு ஒருமுறை அதில் ஒன்று கூடும். அந்த ஒன்றைக் கூட்ட மூன்று வழி. கூட்டல் குறிகளைப் பின்னால் போடலாம், முன்னால் போடலாம், இல்லையென்றால் 'ஒன்று கூட்டு' என்று நீட்டி முழக்கி எழுதலாம். தனி வரியில் நின்றால் மூன்றும் ஒன்றுதான். கோட் வரிகளை இயந்திர மொழிக்கு மாற்றுகிற கம்பைலர் மூன்றையும் ஒரே மாதிரிதான் மாற்றித்தரும். அவளே ஒருமுறை நேரம் எடுத்துப் பார்த்திருக்கிறாள், மயிரிழை வித்தியாசம் இல்லை.

இந்த மனுஷருக்கு எங்கேயோ ஒரு பாதி வாக்கியம் காதில் விழுந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு ஒரு சாம்ராஜ்யம். இனி எல்லா இடத்திலும் முன்னால்தான் என்று திங்கட்கிழமை கட்டளை; புதன்கிழமைக்குள் ஆயிரத்துச் சொச்சம் இடங்களில் மாற்றம்; இன்றைக்கு வெற்றிச் சொற்பொழிவு. மாத்திரை கீழே விழ இரண்டு விநாடி எடுக்கிற இயந்திரத்தில் இவர் எதை மிச்சம் பிடித்தார்? ஆபீஸில் அவருக்கு 'ப்ளஸ் ப்ளஸ்' என்று பேர் வைத்தது பெரியவள்தான். அது எல்லோர் வாயிலும் ஒட்டிக்கொண்டதில் அவளுக்கு ஒரு திருப்தி.

"நீங்க என்ன நினைக்கிறீங்க அக்கா?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"நான் நினைக்கிற அளவுக்கு இதுல ஒண்ணும் இல்ல," என்றாள் அவள்.

அப்பா முகம் சுளித்தார். அதற்குள் அவர் பையில் போன் அடித்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து தலைமை நர்ஸ். அப்பா இரண்டு தடவை 'சொல்லுங்கம்மா' என்றார். பிறகு பக்கத்தில் கிடந்த ஸ்டூலைக் காலால் இழுத்து உட்கார்ந்தார்.

நடந்தது இதுதான். காலையில் இயந்திரம் பிரித்துவைத்த பெட்டிகளைத் தட்டில் அடுக்கி எடுத்துக்கொண்டு ஒரு நர்ஸ் வார்டுக்குப் போயிருக்கிறாள். முதல் பெட்டி காலி. முதல் படுக்கைக்கு இன்று மாத்திரை இல்லை போல என்று நினைத்து இரண்டாவது படுக்கைக்குப் போனாள். அங்கே இருந்த பெரியவர் பெட்டியில் இருந்ததை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டார். மூன்றாவது படுக்கையில்தான் தலைமை நர்ஸின் கண்ணில் பட்டது. மஞ்சள் மாத்திரை மட்டுமே சாப்பிடுகிற அம்மாவுக்கு இரண்டு வெள்ளை மாத்திரைகள் வந்திருக்கின்றன. தட்டை அப்படியே பிடுங்கிப் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு பெட்டியிலும் முந்தைய படுக்கைக்காரரின் மாத்திரை. கடைசி நோயாளியின் மாத்திரைகள் இயந்திரத்துக்கு அடியில் தரையில் கிடந்தன.

இரண்டாவது படுக்கைக்காரர் விழுங்கியது முதல் படுக்கைக்காரருடைய ரத்த அழுத்த மாத்திரை. அவருக்கு ஏற்கெனவே அழுத்தம் குறைவு. தலை சுற்றிச் சாய்ந்துவிட்டார். டாக்டர் பக்கத்திலேயே நிற்கிறார்.

இயந்திரத்தை நிறுத்திவிட்டோம், மத்தியானத்துக்குள் நானே அங்கே வருகிறேன், எனக்குப் புரிகிற மாதிரி விளக்கம் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்று சொல்லி நர்ஸ் போனை வைத்துவிட்டார்.

அப்பா மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை பலகையைப் பார்த்தார்.

"மெஷின்ல ஏதாவது கம்பி லூசாயிருக்கும் மாமா," என்றார்.

பெரியவள் அதற்குள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். கம்பியாம். இருபத்துநான்கு பெட்டியும் ஒழுங்காக ஒவ்வொன்று தள்ளிப்போயிருக்கிறது. கம்பிக்கு அவ்வளவு ஒழுக்கம் ஏது? அவளுக்குத் தேட வேண்டிய இடம் நர்ஸ் பேசும்போதே தெரிந்துவிட்டது. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

பெட்டியில் மாத்திரையைப் போடுகிற வரி. அங்கே எண்ணி தனியாக நிற்கவில்லை. 'இந்த எண்ணுள்ள பெட்டியில் போடு' என்பதற்குள்ளேயே 'ஒன்று கூட்டு' என்பதும் இருந்தது. பின்னால் குறி இருந்தால், இப்போதுள்ள எண்ணின் பெட்டியில் போட்டுவிட்டு அப்புறம் கூட்டும். முன்னால் இருந்தால், முதலில் கூட்டிவிட்டு அடுத்த பெட்டியில் போடும். முதல் பெட்டி காலி. கடைசி ஆளின் மாத்திரை, இல்லவே இல்லாத இருபத்தைந்தாவது பெட்டிக்கு, அதாவது தரைக்கு.

குறி முன்னால் இருந்தது.

பெரியவளுக்கு நெஞ்சு நிறைந்த மாதிரி இருந்தது. ஒரு மனுஷர் ஆஸ்பத்திரியில் சாய்ந்து கிடக்கும்போது இப்படி ஒரு சந்தோஷம் வரலாமா என்று ஒரு கணம் தோன்றியது. வந்துவிட்டதே, என்ன செய்ய? அப்பாவைக் கூப்பிட்டாள். மாப்பிள்ளையையும் கூப்பிட்டாள். அந்த வரியை விரலால் காட்டினாள்.

"மாப்பிள்ளை, இந்த இடத்துல குறி முன்னால இருக்கறதுக்கும் பின்னால இருக்கறதுக்கும் என்ன வித்தியாசம்?"

"முன்னால இருந்தா வேகம் அக்கா."

"வேற?"

மாப்பிள்ளை திரையைக் குனிந்து பார்த்தார். கண் அந்த வரியில் இடதும் வலதுமாக இரண்டு முறை ஓடியது. அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. சும்மா மறந்துபோனது இல்லை; அந்த வரி அவருக்குச் சுவரில் எழுதிய வேற்று மொழி. இதைப் பெரியவள் எதிர்பார்க்கவில்லை. மட்டமான ஆள் என்று நினைத்திருந்தாள். வெற்று ஆள் என்று நினைக்கவில்லை.

அப்படியானால் ஆயிரம் இடத்தில் மாற்றியது யார்?

யார், எப்போது, எந்த வரியை மாற்றினார்கள் என்ற பதிவைத் திறந்தாள். பெரிய திரையில் போட்டு அப்பாவுக்குக் காட்டிவிட வேண்டியதுதான் என்று ஒயரைக் கையில் எடுத்தாள்.

பதிவில் இரண்டு மாற்றங்கள் இருந்தன. முதலாவதில் ஆயிரத்து நூற்றுச் சொச்சம் இடங்கள், எல்லாம் தனி வரிகள், ஒன்றும் கெடாது. எண்ணி வேறு வேலைக்குள் சிக்கியிருந்த முப்பத்தொரு இடங்களை யாரோ தொடாமல் விட்டு, ஒவ்வொன்றுக்கும் மேலே குறிப்பு எழுதியிருந்தார்கள். மாத்திரைப் பெட்டி வரிக்கு மேலே இப்படி இருந்தது: 'இதை மாற்றக் கூடாது. பெட்டியில் போட்ட பிறகுதான் எண் கூட வேண்டும்.'

இரண்டாவது மாற்றத்தில் ஒரே ஒரு இடம். அந்தக் குறிப்பை அழித்துவிட்டு, குறிகளைத் தூக்கி முன்னால் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை அப்பாவுக்குக் காட்டுகிற முதல் பக்கத்தில் ஒரு இடம் மட்டும் பழைய மாதிரி இருந்தால் அவருக்குக் கௌரவக் குறைவு அல்லவா!

இரண்டுக்கும் கீழே ஒப்புதல் என்று போட்டு ஒரு பேர். அவளுடைய பேர். புதன்கிழமை மாலை. ஆயிரத்துச் சொச்சம் மாற்றங்களையும் படித்து ஒப்புதல் கொடுக்க அவள் எடுத்துக்கொண்ட நேரம் பதினொரு விநாடி.

அவளுக்கு நினைவு வந்தது. பட்டியலின் மேலே மாப்பிள்ளையின் பேரைப் பார்த்ததும், இந்தக் குப்பையை எவள் படிப்பாள் என்று அழுத்திவிட்டு டீ குடிக்கப் போனது.

ஒயரை மேஜையில் வைத்தாள்.

"என்னம்மா, யாரு பண்ணினதுன்னு தெரிஞ்சுதா?" என்றார் அப்பா.

இன்னும் பார்க்கணும் என்று சொல்லிவிட்டு, அந்தக் குறிப்பின் நடை எங்கோ பார்த்தது போல உறுத்த, மாடிப்படி ஏறினாள்.

தங்கை சின்னவளின் அறைக் கதவு சாத்தியிருந்தது. தினமும் பதினொரு மணிக்குச் சாத்தினால் மூன்று மணிக்குத்தான் திறக்கும். அதே கம்ப்யூட்டர் படிப்பைப் பெரியவளைவிட அதிக மார்க் வாங்கிப் படித்துவிட்டு, கல்யாணமானதும் பகலில் தூங்குகிறாளே என்று பெரியவள் தன் தோழிகளிடம் எத்தனையோ முறை உதட்டைப் பிதுக்கியிருக்கிறாள். இன்றைக்குத் தட்டாமல் தள்ளினாள்.

கட்டிலில் யாரும் இல்லை. மடித்த துணிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து, மடியில் மாப்பிள்ளையின் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, சின்னவள் அதே மாத்திரைப் பெட்டி வரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே பேசியது ஜன்னல் வழியாகக் கேட்டிருக்கிறது.

"எப்பலேர்ந்து?" என்றாள் பெரியவள்.

சின்னவள் மழுப்பவில்லை. அவர் இங்கே வேலைக்கு வந்த இரண்டாவது வாரத்திலிருந்து என்றாள். முந்தைய கம்பெனியில் நாலு மாதத்தில் போகச் சொல்லிவிட்டார்கள். அது அப்பாவுக்குத் தெரியாது. முதலில் அவர் எழுதியதைத் திருத்திக் கொடுத்தாள். பிறகு பாதி எழுதிக் கொடுத்தாள். ஒரு நாள் அவர் லேப்டாப்பை மேலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு கீழே இறங்கினார். அன்றிலிருந்து இப்படித்தான்.

"இந்தப் பைத்தியக்காரக் கட்டளைக்குப் போய் ஏன்டி உழைச்ச? முன்னால போட்டாலும் பின்னால போட்டாலும் ஒண்ணுதான்னு உனக்குத் தெரியாதா?"

"ஆயிரம் இடத்துல ஒண்ணுதான். முப்பத்தொரு இடத்துல இல்லையே. அவர் கையால மாத்தினா முப்பத்தொண்ணும் போயிரும். அதான் நானே பண்ணினேன்." சின்னவள் திரையை மூடினாள். "கடைசியில அவர் ஒண்ணைத் தொடுவார்னு எனக்குத் தெரியாது. தொட்டாலும் நீ படிப்பேன்னு நினைச்சேன்."

"உன் பேர் போட்டிருந்தா படிச்சிருப்பேன்."

"அவர் பேர் போட்டிருந்தா படிக்க மாட்டியா?"

  யாரோ எழுதித் தந்ததைத் தன்னுடையது என்று காட்டிய ஆளும், படிக்காததைப் படித்தேன் என்று அழுத்தியவளும் ஒரே வீட்டில் ஒரே மேஜையில் சாப்பிடுகிறார்கள். இதில் யாரைப் பார்த்து யார் உதட்டைப் பிதுக்குவது?

"நீ படிச்சிருந்தா முதல் பத்து வரியிலேயே இது என் கைன்னு கண்டுபிடிச்சிருப்பக்கா," என்றாள் சின்னவள். குரல் உயரவில்லை. "நேத்து சாயங்காலம் நீ மேல வருவேன்னு கதவைத் திறந்துவச்சுட்டு உட்கார்ந்திருந்தேன்."

கீழே வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

தலைமை நர்ஸ் சீருடையோடேயே வந்திருந்தார். அப்பா காட்டிய நாற்காலியில் உட்காரவில்லை. இரண்டாவது படுக்கைக்காரருக்கு அழுத்தம் ஏறிவிட்டது, எழுந்து உட்கார்ந்து எல்லோரையும் திட்டிக்கொண்டிருக்கிறார், அந்த அளவுக்கு நல்ல காலம் என்று முதலில் சொன்னார். அப்பா கைகுவித்தார். 

"இப்ப சொல்லுங்க. எப்படி இது?" என்றார் நர்ஸ்.

மாப்பிள்ளை முன்னால் வந்தார். வெள்ளைப் பலகையைக் காட்டினார். பழைய முறை, புதிய முறை, வேகம் என்று ஆரம்பித்தார். அவர் நெற்றியில் வியர்த்திருந்தது. வாய் மட்டும் நிற்கவில்லை. அந்தக் கணத்தில் அவரைப் பார்க்கப் பெரியவளுக்கு அருவருப்பாகவும் இருந்தது, அதைவிட அதிகமாக, கண்ணாடி பார்க்கிற மாதிரியும் இருந்தது.

நர்ஸ் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார்.

"எங்க வார்டுல வேகம் வேணும்னு யாராவது கேட்டோமா?"

மாப்பிள்ளை பேனாவை மூடினார்.

"அந்த மாற்றத்துக்கு ஒப்புதல் கொடுத்தது நான்," என்றாள் பெரியவள். "படிக்காம கொடுத்தேன்."

அப்பா மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தார். பதின்மூன்று வருஷத்தில் அவர் அவளை அப்படிப் பார்த்ததில்லை. மாப்பிள்ளையும் பார்த்தார், அந்தப் பார்வையில் ஒரு நிம்மதி ஓடியதை அவள் கவனித்தாள். சீ என்று இருந்தது.

"படிக்காம," என்றார் நர்ஸ். வசவை எல்லாம் அந்த ஒரு வார்த்தையிலேயே வைத்துச் சொன்னார். பிறகு பையிலிருந்து மாத்திரைப் பட்டியலை எடுத்து மேஜைமேல் விரித்தார். "இவர் தெரியாம மாத்தியிருக்கார். நீங்க பார்க்காம விட்டிருக்கீங்க. நாளைக்குக் காலையில இருபத்துநாலு பேருக்கு நான் யாரை நம்பி அந்த மெஷின் பக்கத்துல போறது? இதைத் தெரிஞ்சு, படிச்சு எழுதுற ஆள் ஒருத்தராவது இந்த இடத்துல இருக்காங்களா?"

பெரியவள் மாடிப்படிப் பக்கம் திரும்பவில்லை. தங்கையைக் காட்டிக்கொடுக்கிற உரிமை தனக்கு இன்றைக்கு இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

"இருக்கேன்," என்றாள் சின்னவள். லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு கடைசிப் படியில் நின்றிருந்தாள்.

நீ எதுக்கும்மா கீழே வந்தே, போய்ப் படுத்துக்கோ என்று அப்பா சொன்னார். அவள் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. நேராக மேஜைக்கு வந்து, நர்ஸ் விரித்த பட்டியலுக்குப் பக்கத்தில் லேப்டாப்பைத் திறந்துவைத்து, முதல் படுக்கைக்காரருக்கு என்ன மாத்திரை என்று கேட்டாள். நர்ஸ் அவளை ஒரு கணம் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

மாப்பிள்ளை கொக்கியில் மாட்டியிருந்த வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு பட்டறை வழியாக வெளியே நடந்தார். வண்டி கிளம்பிய சத்தம் தெருமுனைவரை தெளிவாகக் கேட்டது.

"மூணாவது படுக்கைக்கு மஞ்சள் மட்டும்தானே?" என்றாள் சின்னவள், தலையைத் தூக்காமல்.